படுகளம்: திரௌபதி அம்மனின் பாரதத் திருவிழா

திரௌபதி அம்மன் மகாபாரதத்தின் நாயகி. வட தமிழ்நாட்டில் அவள் ஊரைக் காக்கும் தாய். பாஞ்சாலன் வேள்வித் தீயில் பிறந்தவள், ஐவருக்கு வாழ்க்கைப்பட்டவள், சபை நடுவே கூந்தலைப் பற்றி இழுத்து வரப்பட்டவள் என்ற கதை நாடெங்கும் தெரிந்ததுதான். ஆனால் அவளைக் கருவறையில் வைத்து, மழைக்கும் பிள்ளை வரத்துக்கும் அவளிடம் போய் நிற்கும் ஊர்கள் பெரும்பாலும் ஒரே நிலப்பரப்பில் அடங்கிவிடும். பழைய தென்னார்க்காடு, வடஆர்க்காடு, செங்கல்பட்டு மாவட்டங்களும் தஞ்சைப் பகுதியும் அதில் முதன்மையானவை. அந்தப் பரப்பின் கிழக்கு ஓரம் மரக்காணத்து உப்பளங்களில் முடிகிறது.

உப்புக்கும் அம்மனின் பாரத விழாவுக்கும் காலம் ஒன்றே. வடகிழக்குப் பருவமழையில் மூழ்கிக் கிடக்கும் பாத்திகளைத் தை மாதவாக்கில் சீர் செய்வார்கள். பங்குனி வெயில் ஏறியதும் உப்பு விளையத் தொடங்கும். வெயில் எவ்வளவு கடுமையோ அவ்வளவு விளைச்சல். அதே வெயில் காலத்தில், பங்குனி தொடங்கி ஆடி வரை, மரக்காணத்திலிருந்து மேற்கே திண்டிவனம், செஞ்சி வரையிலும் தெற்கே விழுப்புரம் வரையிலும் ஊர் ஊராகத் திரௌபதி அம்மனுக்குக் கொடி ஏறுகிறது. நெல் அறுத்து முடிந்து வயல் சும்மா கிடக்கும் காலமும் அதுதான். பாரதப் போரின் முடிவை நடிக்கும் படுகளத்துக்கும் தீ மிதிக்கும் குழிக்கும் வேண்டிய வெட்டவெளி அப்போதுதான் கிடைக்கும்.

மரக்காணம் பழைய ஊர். சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இதுவே என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். இங்குள்ள பூமீஸ்வரர் கோயில் சோழர் காலத்தது. ஆந்திரத்திலிருந்து கடலோரமாக வரும் பக்கிங்காம் கால்வாய் இந்த ஊரில்தான் முடிகிறது. பறவைகள் வந்திறங்கும் கழுவேலி ஏரி 2021இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. இத்தனை பழைமை உள்ள வட்டாரத்தில் திரௌபதி அம்மன் கோயில்கள் பெரும்பாலும் சிறியவை. வானளாவும் கோபுரமோ கல்வெட்டோ அவற்றின் பெருமை அல்ல. பல ஊர்களில் ஆண்டின் பெரும்பகுதி அமைதியாகக் கிடக்கும் கோயில், விழா நாட்களில் ஊர் முழுவதையும் தனக்குள் இழுத்துக்கொள்கிறது.

அம்மனின் திருவுருவத்தில் மற்ற ஊர்த் தெய்வங்களிடம் காணும் உக்கிரம் இல்லை. கோரைப்பல்லும் பல கைகளும் சூலமும் இராது. இரண்டே கைகள், உடலைச் சற்றே ஒசித்து நிற்பாள், ஒரு கையில் மொட்டு அல்லது கிளி, மறு கை இயல்பாகத் தொங்கும். பக்கத்தில் அர்ச்சுனனோ தருமரோ மற்றப் பாண்டவர்களோ கண்ணனோ இருப்பார்கள். இதனால் பல ஊர்களில் அம்மன் கோயில் தருமராஜா கோயில் என்றே வழங்குகிறது. உக்கிரத்தையெல்லாம் காவல் தெய்வங்கள் ஏற்றுக்கொள்கின்றன. அம்மனுக்கு எதிரே கையில் ஒரு வெட்டுண்ட தலையைப் பிடித்து நிற்பவர் போர்மன்னன். போத்துராஜா என்றும் சொல்வார்கள். இன்னொரு காவலர் முத்தால ராவுத்தர். இவர் ஒரு முஸ்லிம் குதிரைவீரர். அம்மனிடம் தோற்று, அவள் அடியாராகி, வாசலைக் காக்கிறார் என்பது வழக்கில் உள்ள கதை. பல நூற்றாண்டுகளாக முஸ்லிம் ஆட்சியாளர்களும் வணிகர்களும் குதிரைப்படைகளும் நடமாடிய செஞ்சிச் சீமையில் அம்மனின் காவலருள் ஒருவர் ராவுத்தராக இருப்பது இயற்கையே. அவரை விலக்கிவிட்டு இந்த வழிபாட்டைச் சொல்ல முடியாது.

அரசியாக இருந்தவள் ஊர்த்தாய் ஆனது எப்படி என்பதற்கு மக்கள் சொல்லும் விடை செஞ்சியில் நடக்கிறது. பாரதப் போர் முடிந்து நெடுங்காலம் கழித்து, செஞ்சியை ஆண்ட சுனீதன் என்னும் அரசனை நூறு தலை கொண்ட அசுரன் ஒருவன் அலைக்கழித்தான். அரசன் வேள்வி செய்ய, திரௌபதி இரண்டாம் முறையாகத் தீயிலிருந்து எழுந்து வந்து அசுரனின் தலைகளை ஒவ்வொன்றாக அறுத்தாள். கடைசித் தலை தரையில் விழுந்தால் அதை வீழ்த்தியவருக்குக் கேடு என்பது அசுரன் பெற்ற வரம். அந்தத் தலையைக் கீழே விடாமல் ஏந்திக்கொள்ள அழைக்கப்பட்டவரே போர்மன்னன். இன்றும் அவர் அதைக் கையிலிருந்து இறக்கவில்லை. பழைய செஞ்சி எனப்படும் மேலச்சேரியில் உள்ள கோயிலே அம்மனின் மூலக்கோயில் என்பது இந்த மரபின் நம்பிக்கை. அமெரிக்க ஆய்வாளர் ஆல்ஃப் ஹில்டபைட்டல் இந்தப் பகுதியில் பல ஆண்டுகள் களப்பணி செய்து, திரௌபதி வழிபாட்டைப் பற்றி 1988இலும் 1991இலும் இரண்டு பெரிய தொகுதிகளை வெளியிட்டார். மேலச்சேரியும் செஞ்சிக் கதையும் உலக அறிஞர் கவனத்துக்கு வந்தது அவற்றின் வழியாகத்தான்.

பாரதத்தை ஊர் கூடிக் கேட்கும் வழக்கம் இந்தக் கதையைவிடப் பழையது. 7ஆம் நூற்றாண்டில் பல்லவன் முதலாம் பரமேசுவரவர்மன் வெளியிட்ட கூரம் செப்பேடு, கோயில் மண்டபத்தில் பாரதம் படிப்பதற்கென்று பங்கு ஒதுக்குகிறது. மரக்காணத்துக்கு வடக்கே அதே கடற்கரையில் உள்ள மாமல்லபுரத்தின் ஒற்றைக்கல் ரதங்களும் பல்லவர் படைப்புகளே. திரௌபதி ரதம் என்று இன்று அழைக்கப்படும் அழகிய சிறு கோயில் உண்மையில் கொற்றவைக்கு எடுக்கப்பட்டது. உள்ளே செதுக்கப்பட்டிருப்பவள் அவள்தான். பிற்கால மக்கள் அதற்குத் திரௌபதியின் பெயரை இட்டார்கள். ஐந்து ரதங்களுக்கும் பாண்டவர் குடும்பத்தின் பெயர் ஒட்டிக்கொண்டதில் இந்தக் கடற்கரை மக்களின் மனத்தில் பாரதம் எவ்வளவு ஊறியிருந்தது என்பது தெரிகிறது.

விழாவின் நூல் வில்லிபுத்தூரார் பாரதம். சுமார் நாலாயிரத்து முந்நூறு விருத்தங்கள் கொண்ட அந்தக் காப்பியம் பதினெட்டாம் நாள் போரோடு கதையை முடித்துக்கொள்கிறது. விழாவும் ஏறக்குறைய அங்கேதான் முடியும். கொடியேற்றிக் காப்புக் கட்டியதும் பிற்பகல்களில் பாரதப் பிரசங்கம் தொடங்குகிறது. பிரசங்கியார் ஒரு பாடலைப் பாடி, பேச்சுத் தமிழில் விரித்து, இடையிடையே ஊர் நடப்பையும் குடும்ப வழக்கையும் கோத்துச் சொல்லுவார். கேட்பவர்களில் மூத்த பெண்கள் அதிகம். எழுதப் படிக்கத் தெரியாத பல தலைமுறைகள் வில்லியின் விருத்தங்களைக் காதால் அறிந்து வந்தது இந்தப் பந்தலடியில்தான். விழா ஊருக்கு ஊர் பத்து நாளும் உண்டு, இருபது நாளும் உண்டு, அதற்கு மேலும் உண்டு. செலவுக்குத் தலைக்கட்டு வரி போடுவார்கள். வரி சேராத ஆண்டு விழா நின்றுபோவதும் உண்டு.

விழாவின் பிற்பாதியில் இரவுக் கூத்து சேர்ந்துகொள்ளும். அன்று பகலில் பிரசங்கியார் சொன்ன கதையைக் கூத்தாடிகள் இரவு பத்து மணி வாக்கில் தொடங்கி விடியும்வரை ஆடுவார்கள். வில் வளைப்பு, சுபத்திரை திருமணம், இராஜசூய யாகம், துகில் உரிதல், அர்ச்சுனன் தபசு, கிருஷ்ணன் தூது, அரவான் களப்பலி, அபிமன்யு சண்டை, கர்ண மோட்சம், பதினெட்டாம் போர் என்று வரிசை போகும். மரத்தால் செய்து கண்ணாடிச் சில்லும் காகிதமும் ஒட்டிய கிரீடமும் புஜக்கட்டையும் அணிந்து, திரைக்குப் பின்னிருந்து தன்னைத் தானே அறிமுகம் செய்துகொண்டு வேடதாரி வெளிவருவான். முகவீணை அவன் பாட்டைத் தொடர்ந்து வரும். கட்டியங்காரன் அரசனுக்கும் ஊராருக்கும் நடுவே நின்று பேச்சை நடத்துவான். பெண் வேடங்களை வழக்கமாக ஆண்களே கட்டுவார்கள்.

துகில் உரிதல் நடக்கும் இரவில் கூத்து வெறும் நாடகமாக நிற்பதில்லை. திரௌபதி வேடம் கட்டியவர் பல இடங்களில் நோன்பிருந்து களமேறுவார். துச்சாதனன் சேலையைத் தொடும் நேரத்தில் கற்பூரம் ஏற்றப்படும்; கூட்டத்தில் இருப்பவர்கள் கைகூப்பி எழுந்துவிடுவார்கள்; சிலருக்கு அருள் வரும். அந்தக் காட்சியில்தான் அவள் சபதம் எடுக்கிறாள். துரியோதனன் தொடையைப் பிளந்து வடியும் குருதியைக் கூந்தலில் தடவினாலொழியத் தலையை முடிவதில்லை என்பது சபதம். விழாவின் மீதி நாட்கள் அனைத்தும் அந்த விரிந்த கூந்தலைச் சுமந்தே நகர்கின்றன.

கூத்து மேடையிலேயே அடங்கிக் கிடப்பதும் இல்லை, ஊரே களமாகும். பகாசுரன் வதத்தன்று சோறும் பண்டமும் ஏற்றிய வண்டியோடு வீமன் தெருத் தெருவாக வருவான். அர்ச்சுனன் தபசுக்கு உயரமான பனைமரத்தை நட்டுப் படி கட்டுவார்கள். அர்ச்சுனன் வேடதாரி ஒவ்வொரு படிக்கும் ஒரு பாட்டாகப் பாடிக்கொண்டே உச்சிக்கு ஏறி, அங்கிருந்து எலுமிச்சையும் வில்வமும் பூவும் வீசுவான். பிள்ளை வேண்டும் பெண்கள் ஈரச் சேலையுடன் மரத்தடியில் காத்திருந்து, விழும் பழத்தை மடியில் ஏந்துவார்கள். பாசுபதம் பெறப் போன வீரனின் தவம் இங்கே ஊர்ப் பெண்களின் வரமாக மாறிவிடுகிறது. ஏட்டில் இல்லாத இந்தத் திருப்பம்தான் பாரதத்தை அவர்களுடைய கதையாக்குகிறது.

அரவான் களப்பலி இரவின் துயரம் வேறு வகை. பாண்டவர் வெற்றிக்காகக் காளிக்குத் தன்னையே பலி கொடுக்க முன்வரும் அர்ச்சுனன் மகன் அவன். உளுந்தூர்ப்பேட்டைக்கு அருகே கூவாகத்தில் அவனுக்கெனத் தனி விழா சித்திரை முழுநிலவையொட்டி நடக்கிறது. திருநங்கைகள் நாடெங்கிலுமிருந்து வந்து அவனுக்காகத் தாலி கட்டி, மறுநாள் அறுத்துக்கொள்வது அங்கேதான். திரௌபதி விழாவில் அவன் ஓர் இரவின் நாயகன். கூவாகத்தில் அவனே தெய்வம்.

பதினெட்டாம் போர் முடியும் விடியற்காலையில் எல்லோரும் படுகளத்துக்கு வந்துவிடுவார்கள். வெட்டவெளியில் களிமண்ணைக் குழைத்துத் துரியோதனனை மல்லாக்கப் படுக்க வைத்திருப்பார்கள். உருவம் பல பத்தடி நீளம் இருக்கும். வண்ணம் தீட்டி, மீசை வைத்து, தொடையில் செந்நீர் நிறைந்த கலயத்தைப் புதைத்திருப்பார்கள். துரியோதனனும் வீமனும் அந்த மண்ணுடலைச் சுற்றிச் சுற்றி ஓடிக் கதையால் மோதுவார்கள். தொடை பிளந்து செந்நீர் கொப்பளிக்கும். திரௌபதி களத்தில் இறங்கி, அதைத் தொட்டுக் கூந்தலில் தடவி, பூச்சூட்டி முடிவாள். குலவை எழும். சில ஊர்களில் வேடதாரி இதைச் செய்வார். வேறு சில ஊர்களில் அம்மன் திருவுருவையே களத்துக்குக் கொண்டு வருவார்கள். அடுத்து ஒப்பாரி. துரியோதனனின் மனைவி பெருந்திருவாள் வேடத்தில் ஒருவர் முறமும் துடைப்பமும் ஏந்தி வந்து, சொல் கேளாமல் போரிட்டு மாண்ட கணவனை அடித்துக்கொண்டே அழுவார். பகைவன் வீட்டுக்கும் ஒரு துக்கம் உண்டென்று இந்த விழா ஒப்புக்கொள்ளும் இடம் அது. கூட்டத்துப் பெண்களும் சேர்ந்து அழுவார்கள். கலையும்போது மக்கள் அந்த மண்ணில் ஒரு பிடியை எடுத்துப் போவது வழக்கம். வயலிலும் குதிரிலும் போட்டால் விளைச்சல் பெருகும் என்பது நம்பிக்கை. படுகளத்தில் மாண்டவர்களாகக் கிடக்கும் இளைஞர்களை அம்மன் பெயரால் மஞ்சள்நீர் தெளித்து எழுப்பும் சடங்கும் பல ஊர்களில் உண்டு. சாவின் களத்தை உயிரின் களமாக மாற்றுவது தாயின் வேலை. அவள் அம்மன் என்பதற்குப் படுகளத்தைவிடத் தெளிவான சான்று வேறில்லை.

நாளிதழ்களில் படமாக வருவது தீமிதி. பெரும்பாலும் படுகளம் நடந்த அன்று மாலையே அது நடைபெறும். கோயிலுக்கு எதிரே நீளமாகக் குழி வெட்டி, விறகை அடுக்கி எரித்து, தணலைத் தட்டிச் சமன் செய்வார்கள். அம்மனைக் குழிக்கு நேர் எதிரே நிறுத்துவார்கள். காப்புக் கட்டி விரதம் இருந்தவர்கள் குளத்திலோ ஆற்றிலோ கடலிலோ குளித்து, மஞ்சள் ஆடையில் வருவார்கள். பம்பை முழங்க, பூங்கரகம் சுமந்தவர் முதலில் இறங்குவார். வீரசாட்டை பிடித்த பூசாரி உடன் இருப்பார். கடந்து முடிந்ததும் கால் நனைக்கப் பால்குழி இருக்கும். தணல் தனக்குப் பூ என்று அம்மன் சொன்னதாக ஐதிகம். தெற்கே அதற்குப் பெயரே பூக்குழி. சாம்பல் படர்ந்த கரித்தணல் வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். பாதம் படும் நேரமும் மிகக் குறைவு. அதனால்தான் நிதானமாக நடந்து கடப்பவர்களில் பெரும்பாலோர் காயமின்றி வெளிவருகிறார்கள் என்று இயற்பியல் விளக்குகிறது. தடுமாறி விழுந்தவர்களுக்குக் கடுமையான தீக்காயம் பட்ட நிகழ்வுகளும் உண்டு. ஆகவே குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு இறங்குவதை ஊர்கள் தடுப்பதே நல்லது.

தீமிதியை மட்டும் பார்க்க வருபவர் விழாவின் கடைசி மணி நேரத்தை மட்டும் பார்த்துப் போகிறார். அவிழ்ந்த கூந்தல் முடியப்பட்ட பிறகே தணலில் கால் வைக்கிறார்கள் என்ற வரிசைதான் இதில் முக்கியம். பாரதம் படிக்காமல், கூத்து ஆடாமல் தீ மட்டும் மிதித்தால் அது வேறு ஏதோ ஒரு நேர்த்திக்கடன் ஆகிவிடும். செலவைக் குறைக்கக் கூத்து இரவுகளை வெட்டும் ஊர்கள் இதை நினைத்துப் பார்க்க வேண்டும். தீமிதியை அடுத்துத் தருமர் பட்டாபிஷேகம் நடக்கும். தருமருக்கு முடிசூட்டி, கொடியிறக்கி, காப்பு அவிழ்ப்பார்கள்.

இந்த வழிபாடு தந்த கலை விழாவைத் தாண்டியும் வளர்ந்தது. செய்யாறு பகுதியிலுள்ள புரிசை ஊரின் கண்ணப்ப தம்பிரான் கூத்தை நகரத்து அரங்குகளுக்கும் வெளிநாடுகளுக்கும் கொண்டு சென்றார். ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை புரிசைக் கூத்தைக் கற்று நவீன நாடகத்துக்குப் புது உடல்மொழி தேடியது. காஞ்சிபுரம் பக்கத்தில் பெ. இராஜகோபாலும் பிற கூத்தாடிகளும் 1990இல் கட்டைக்கூத்துச் சங்கத்தை அமைத்து, பெண்களுக்கும் வேடம் கட்டக் கற்றுக்கொடுத்தனர். என்றாலும் கூத்தாடிகளுக்கு நிலையான வருமானம் தருவது இன்றும் கோடைக்காலத்துத் திரௌபதி கோயில் இரவுகளே.

தாயின் வாசலில் எல்லோரும் சமமாக நின்றார்கள் என்று சொல்ல முடியாது. விழாவின் உரிமைகள், தேர் போகும் தெரு, காப்புக் கட்டும் தகுதி எல்லாம் சாதி வழியே பங்கிடப்பட்டவை. இந்த வட்டாரத்தில் பெரும்பான்மையாக வாழும் வன்னியர் தம் முன்னோனும் தீயில் பிறந்தவன் என்னும் வரலாற்றைச் சொல்வதால் அம்மனோடு தனி உறவு கொண்டாடுகின்றனர். பட்டியல் சமூக மக்கள் பல ஊர்களில் வெளியே நின்றே கும்பிட வேண்டியிருந்தது. சென்னை மாகாணத்தின் ஆலய நுழைவுச் சட்டம் 1947இலேயே வந்துவிட்டது. அதற்கு முக்கால் நூற்றாண்டுக்குப் பிறகும், விழுப்புரம் அருகே மேல்பாதியில் பட்டியல் சமூகத்தவர் தருமராஜா திரௌபதி அம்மன் கோயிலுக்குள் வந்ததால் மோதல் எழுந்து, 2023 ஜூனில் அதிகாரிகள் கோயிலைப் பூட்டி முத்திரையிட்டனர். நீதிமன்ற உத்தரவின்படி 2024 மார்ச்சில் பூசைக்காக மட்டும் கதவு திறந்தது. 2025 ஏப்ரலில் காவல்துறை பாதுகாப்போடு பட்டியல் சமூக மக்கள் உள்ளே சென்று வழிபட்டனர். சபை நடுவே நீதி கேட்டு நின்ற பெண்ணைத் தெய்வமாகக் கொண்ட ஊர்கள், அவள் வாசலில் நிற்பவர்களின் நியாயத்தைக் கேட்காமல் இருப்பது பொருந்தாது.

19ஆம் நூற்றாண்டில் இந்தப் பகுதியிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குப் போன தொழிலாளர்களோடு அம்மனும் கடல் கடந்தாள். புதுச்சேரி, காரைக்கால், சென்னைத் துறைமுகங்களில் கப்பல் ஏறியவர்கள் ரீயூனியன், மொரிசியஸ், தென்னாப்பிரிக்கா, பிஜி ஆகிய இடங்களில் தீக்குழி வெட்டினார்கள். ரீயூனியனில் தமிழ்ப் பேச்சு பெரும்பாலும் மறைந்துவிட்ட குடும்பங்களிலும் தீமிதி தொடர்கிறது. சிங்கப்பூரில் 1827இல் தொடங்கப்பட்ட சௌத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் திரௌபதிக்குத் தனிச் சந்நிதி உண்டு. அங்கே தீமிதி தீபாவளிக்கு முன்பு ஐப்பசியையொட்டி நடக்கும். அதற்கு முந்தைய வாரங்களில் திருமணம், களப்பலி, படுகளம் முதலிய பாரத நிகழ்வுகளைச் சடங்குகளாக நிகழ்த்துகிறார்கள். இலங்கையில் புத்தளத்து மீனவ ஊரான உடப்பிலும், கிழக்கே அம்பாறை மாவட்டத்துப் பாண்டிருப்பிலும் திரௌபதி அம்மன் விழா பதினெட்டு நாள் நடக்கிறது. பாண்டிருப்பில் பாண்டவரின் வனவாசம் ஊர்வலமாகப் போகும். அரவானுக்குக் களப்பலி உண்டு. இறுதி நாளில் தீ மிதிப்பார்கள்.